குளவி மண் காயும் வரை

போன மாதம் கம்மாபுரத்திலிருந்து ஒரு அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அவருடைய கணவர் கைகால் விழுந்து புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாராம். பக்கவாதம் இல்லையாம், நரம்பில் ஏதோ கோளாறு என்கிறார்களாம். இதே நோய் எனக்கும் வந்தது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வந்தவர் உட்காரக்கூட இல்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எல்லா வெரலும் வந்துடுச்சாங்க?" என்று கேட்டார்.

அன்றைக்கு என்னால் கோவையாகப் பேச முடியவில்லை. டீ போட்டுக் கொடுத்து, பயப்படாதீங்க என்று நாலு தடவை சொல்லி அனுப்பிவிட்டேன். பயப்படாதே என்று சொல்லி யாருக்குப் பயம் போயிருக்கிறது? எனக்கு அப்படிச் சொன்னவர்கள் மேல் எரிச்சல்தான் வந்தது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். படிப்பவர்களில் ஒருத்தருக்காவது உதவும். உதவாவிட்டாலும் ஒரு குளவியைப் பற்றித் தெரிந்துகொள்வார்கள்.

நான் விருத்தாசலத்துக்காரி. செராமிக் யூனிட்டில் வேலை. எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கூழ் மாதிரி கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, மண் ஓரமாகக் கெட்டிப்படும். மிச்சக் கூழைக் கொட்டிவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே வாத்தோ, முயலோ, பிள்ளையாரோ இருக்கும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் பொம்மையின் உடம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடும். அதைச் சின்னக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து மழமழவென்று ஆக்குவதற்கு ஃபினிஷிங் என்று பேர். அதுதான் என் வேலை. பீஸ் ரேட், அதாவது எத்தனை பொம்மை முடிக்கிறோமோ அத்தனைக்குக் கூலி. யூனிட்டில் என்னை மெஷின் என்று கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

என் வீட்டுக்காரர் ஆறுமுகம் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர், திட்டக்குடி ரூட். பின்னால் வருகிற பஸ் முந்துவதற்குள் ஆளை ஏற்றி இறக்குகிற தொழில். வீட்டிலும் அதே கதைதான். நான் குளிக்கப் போனால் கதவைத் தட்டுவார். சோறு வடியுமுன் தட்டை எடுத்து வைத்துக்கொள்வார். நானும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. எங்கள் மகள் மீனா அப்போது இரண்டாம் வகுப்பு. அவள் பல் தேய்த்து முடிப்பதற்குள் நான் சமைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, செருப்பையும் மாட்டியிருப்பேன். இப்படி எங்கே போகிறோம் என்று தெரியாமலே மூன்று பேரும் ஓடிக்கொண்டிருந்தோம்.

தொண்ணூறுகள் தொடங்கியிருந்த நேரம். ஆனி கடைசியில் எனக்கு வயிற்றுப்போக்கு வந்தது. கஷாயம் குடித்ததில் நின்றுவிட்டது, நானும் மறந்துவிட்டேன். ஆடி பிறந்த பிறகு ஒரு நாள் காலையில் கால் விரல்களில் மதமதப்பு. தரையில் நடந்தால் மெத்தைமேல் நடப்பது போலிருந்தது. மறுநாள் யூனிட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்திலிருந்தவள் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டு, "என்னாடி மெஷினு, எண்ணெய் போடலியா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே கத்தி கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை எடுக்கப் போனபோது விரல்கள் கத்தியைச் சுற்றி மடங்கவே இல்லை. என் கை எனக்கு முன்னால் இருக்கிறது, நான் சொல்வதைக் கேட்க மாட்டேன் என்கிறது. அப்போது வந்த பயத்தை நான் அதற்கு முன்பு பட்டதில்லை.

ஊரில் பார்த்த டாக்டர் என் முழங்காலுக்குக் கீழே ரப்பர் சுத்தியலால் தட்டினார். நல்ல உடம்பாக இருந்தால் கால் எகிற வேண்டும். எகிறவில்லை. மற்றக் காலிலும் தட்டினார். பிறகு சுத்தியலை மேஜைமேல் வைத்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "பாண்டிக்கு இப்பவே கொண்டு போங்க. நாளைக்குன்னு வெக்காதீங்க" என்றார். அம்பாசிடர் டாக்சி பிடித்தோம். என் நாத்தனார் கலா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். கலா என் வீட்டுக்காரரின் தங்கை, எங்கள் தெருவிலேயே கட்டிக்கொடுத்தவள். மீனாவை என் மாமியாரிடம் விட்டுவிட்டு, கட்டியிருந்த புடவையோடு கிளம்பி வந்தவள், கடைசிவரை என்னோடு இருந்தாள். அவள் மட்டும் இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது.

ஆஸ்பத்திரியில் முதலில் காத்திருந்தது ஒரு நீளமான நடையில், ஸ்ட்ரெச்சரில். விட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நடுநடுவே யாராவது குனிந்து பார்த்து, "என்னாச்சு இந்தம்மாவுக்கு?" என்று கலாவிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு வாய் இருக்கிறது, என்னைக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. படுத்துவிட்டவளை ஊமையாகவும் ஆக்கிவிடுகிறார்கள்.

பிறகு என்னைப் பக்கவாட்டில் சுருட்டிப் படுக்கவைத்து, முதுகெலும்பின் இடையில் ஊசி குத்தித் தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்தார்கள். குத்துவதைவிட அசையாதே என்று சொன்னதுதான் வேடிக்கை. அசைய முடிந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்? அந்த நீரில் புரதம் கூடியிருந்தால் இந்த நோய்தான் என்று தெரியுமாம், கூடியிருந்தது. நோயின் பேர் நீளமான வெளிநாட்டுப் பேர். ஜி.பி. சிண்ட்ரோம் என்று சுருக்கமாகச் சொன்னார்கள். வயிற்றுப்போக்குக் கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் படை, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த நரம்பையே அடித்துவிடுகிறதாம். டாக்டர் இதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

"நரம்புங்கிறது கரண்ட் ஒயரும்மா. உள்ள கம்பி, மேல உறை. உங்களுக்கு உறை போயிருக்கு. உறை மட்டும் போயிருந்தா திரும்ப வளந்துடும். உள்ள கம்பியும் அடிபட்டிருந்தா ரொம்ப நாளாகும், சில எடத்துல வராமலும் போகலாம்."

"கையி எப்படி சார்?" என்று கேட்டேன்.

"மொதல்ல மூச்ச பாப்போம். கை அப்புறம்."

காலில் தொடங்கும் இந்த நோய் மேலே ஏறும். நெஞ்சுக்கு ஏறினால் மூச்சுவிடும் தசைகளும் நின்றுவிடும். அதைத் தெரிந்துகொள்ள அவர்கள் வைத்திருந்த சோதனை ரொம்பச் சாதாரணமானது. மூச்சை இழுத்துப் பிடித்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். வந்த அன்று முப்பதைத் தாண்டினேன். மறுநாள் இருபத்தைந்துகூட வரவில்லை. அதற்கடுத்த நாள் பதினாறில் நின்றது. என் வீட்டுக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அவரும் மனதுக்குள் எண்ணியிருக்க வேண்டும், நான் நின்ற பிறகும் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மூச்சுக் கருவியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அடுத்த இரண்டு இரவும் தூங்கினால் மூச்சு விட மறந்துவிடுவேன் என்று கண்ணைத் திறந்தே கிடந்தேன். அது கழிந்த காலையிலும் பதினாறு. மறுநாள் பதினெட்டு. டாக்டர் என் தோளில் தட்டி, "எறக்கம் நின்னுடுச்சு" என்றார். அந்தக் கருவி வேறு யாருக்கோ போய்விட்டது.

அப்போது இந்த நோய்க்குப் புதிதாக ஒரு ஊசி மருந்து வந்திருந்தது. என் வீட்டுக்காரர் டாக்டரிடம் போய், "வூட்ட வித்தா போட முடியுமா சார்?" என்று கேட்டிருக்கிறார். "வித்தாலும் இங்க இப்ப கெடைக்காதுங்க. பொறுமையா இருந்தா பலபேருக்குத் தானா சரியாவுது" என்றாராம். கண்டக்டரிடம் போய்ப் பொறுமையாக இரு என்று சொன்னால் எப்படி? மனிதர் வராந்தாவில் நடந்த நடையை நேராக நடந்திருந்தால் கடலூரே வந்திருக்கும். ஆனால் சாப்பாடு ஊட்டுவதை அவர்தான் செய்தார். எனக்குத் தொண்டைத் தசையும் தளர்ந்திருந்தது, அவசரமாக விழுங்கினால் புரையேறி உயிருக்கே ஆபத்து. ஒரு ஸ்பூன் கஞ்சி, பிறகு காத்திருக்க வேண்டும். "எறங்கிடுச்சா?" என்பார். கண்ணைச் சிமிட்டுவேன். "ரைட்" என்று சொல்லி அடுத்த ஸ்பூனை எடுப்பார். ஒரு கிண்ணம் கஞ்சி முடிய ஒரு மணி நேரம் ஆகும். அவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. இந்த மனிதருக்குள் இப்படி ஒருத்தர் இருந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை.

பிறகு பொது வார்டுக்கு மாற்றினார்கள். என் கட்டில் ஜன்னலோரம். கழுத்தை மட்டும் திருப்ப முடிந்தது, அதனால் ஜன்னலைப் பார்ப்பதுதான் எனக்கு இருந்த ஒரே வேலை. அங்கேதான் அது வந்தது. கறுப்பு உடம்பு, மஞ்சள் கால், நூல் மாதிரி இடுப்பு. ஜன்னலின் மரச் சட்டத்தில், மேல் மூலையில், வாயில் ஒரு மண் உருண்டையோடு வந்து உட்கார்ந்தது. வீட்டில் எத்தனையோ குளவிக் கூட்டைப் பார்த்திருக்கிறேன். கட்டுவதை உட்கார்ந்து பார்க்க எனக்கு எப்போது நேரம் இருந்தது?

மண் வேலைக்காரியான நான் முதலில் கவனித்தது அதன் சத்தம். பறக்கும்போது இல்லாத ஒரு ரீங்காரம், மண்ணை அப்பும்போது மட்டும் வந்தது. உடம்பையே அதிரவைத்து மண்ணை அழுத்துகிறது. யோசித்தேன். நாங்கள் அச்சில் கூழ் ஊற்றியதும் அச்சைத் தட்டுவோம், உள்ளே காற்றுக்குமிழ் நின்றால் சூளையில் வெடித்துவிடும். இதுவும் அதற்குத்தான் இருக்குமோ? யாரிடம் கேட்பது? கலாவிடம் சொன்னேன். அவள் என் கழுத்துக்குத் தலையணை வைத்துக்கொண்டே, "அண்ணி, ஒங்க யூனிட்டுல அதுக்கும் ஒரு வேல கேட்டு வுடலாமா?" என்றாள்.

இன்னொன்றைக் கண்டுபிடிக்க இரண்டு நாளாயிற்று. கூடு ஒரு குழாய் மாதிரி வளர்ந்தது. குளவி ஒரு நடை மண்ணை இடது பக்கம் அரைவட்டமாக வைக்கும். போய் அடுத்த நடை கொண்டுவந்து வலது பக்கம் வைக்கும். பிறகு இடது, பிறகு வலது. ஏன் ஒரே பக்கமாக வைக்கவில்லை? அது திரும்பி வருவதற்குள் முன்பு வைத்த மண் நிறம் வெளுத்திருப்பதைப் பார்த்ததும் புரிந்தது. ஈர மண்மேல் ஈர மண்ணை அது வைப்பதே இல்லை. காயட்டும் என்று சும்மா உட்கார்ந்திருப்பதும் இல்லை. போய் வருகிற நேரமே காய்கிற நேரம். எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் வந்தது. படுத்த பிறகு வந்த முதல் சந்தோஷம் அதுதான்.

குழாய் முடிந்ததும் அது சிலந்திகளைப் பிடித்து வந்து உள்ளே திணிக்க ஆரம்பித்தது. ஒரு சிலந்தி நழுவி ஜன்னல் பலகையில் விழுந்தது. கலா அதை ஒரு காகிதத்தில் ஏந்தி எனக்குக் காட்டினாள். செத்துவிட்டது என்றுதான் நினைத்தோம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததில் அதன் ஒரு காலின் நுனி மட்டும் லேசாக அசைந்தது. குளவி கொட்டினால் சிலந்தி சாவதில்லை, அசைவற்றுப் போகிறது, குஞ்சு பொரித்து வந்து தின்னும்வரை கெடாமல் இருக்க வேண்டுமே என்று ரவுண்ட்ஸில் வந்த பயிற்சி டாக்டர் பெண் சொன்னாள்.  அதுவரை நான் குளவியின் கட்சி. அந்த நிமிஷத்தில் சிலந்தியின் கட்சி. அதற்கும் எல்லாம் தெரிந்துகொண்டே கிடக்கிறதோ என்னவோ. இயற்கை நமக்குப் பாடம் சொல்லத்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தச் சிலந்தியைக் கேட்டுவிட்டு வரச்சொல்வேன். ஆனாலும் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற நாள் வார்டு ஆயா ஒட்டடைக் குச்சியோடு வந்தார். குச்சி கூட்டுக்கு நேராகப் போனதும் கலா எழுந்து குறுக்கே நின்றாள்.

"ஆயா, அத தொடாதீங்க."

"பெரியவர் வராரு. ஜன்னல்ல மண்ண பாத்தா என்னத்தான் கேப்பாரு."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பண்ருட்டி அம்மா, "குளவி கட்டுனா அந்த வூட்ல புள்ள பொறக்கும்பாங்க. கலைக்காதம்மா" என்றார்.

ஆயா வார்டை ஒரு சுற்றுப் பார்த்தார். "யாருக்குப் பொறக்கப்போவுது? எல்லாரும் எந்திரிக்கவே முடியாம கெடக்குறீங்க."

வார்டே சிரித்தது. என் முகத்தில் ஒரு பக்கம்தான் தசை வேலை செய்தது, நான் அரைச் சிரிப்புச் சிரித்தேன். கலா சிரிக்கவில்லை. கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. ஈரத் துண்டை எடுத்து ஜன்னல் கம்பியில் கூட்டை மறைத்துப் போட்டாள். ஆயாவும் குச்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ரவுண்ட்ஸ் நடக்கும்போதே குளவி மண்ணோடு வந்து, கூட்டைக் காணாமல் பெரிய டாக்டரின் தலையைச் சுற்றியது. அவர் குனிந்தார், துண்டைத் தூக்கிப் பார்த்தார். "கொட்டுமா?" என்று என்னைக் கேட்டார். அந்த ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து, என்னிடமே ஒரு சந்தேகம் கேட்டவர் அவர்தான். "தொட்டாத்தான் சார்" என்றேன். துண்டை எடுத்து மடித்துக் கலாவிடம் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கை விஷயத்துக்கு வருகிறேன். நரம்பில் கரண்ட் வைத்துப் பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறது, சுருக்கென்று அடிக்கும். அதில் என் கைகளில் உறையோடு கம்பியும் கொஞ்சம் அடிபட்டிருப்பது தெரிந்தது. கால் வந்துவிடும், கையைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்றார்கள். கை இல்லாத ஃபினிஷிங்காரி என்ன செய்வாள்? பீஸ் ரேட்டில் பாதிக் கை என்று ஒரு ரேட் கிடையாது. மீனாவுக்குச் சோறு பிசைந்து கொடுக்க முடியாத கையை வைத்துக்கொண்டு வீட்டில் நான் யார்? இதைக் கலாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பயப்படாதீங்க அண்ணி என்பாள்.

பிசியோதெரபி மேடம் பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தார். ஒவ்வொரு விரலையும் மடக்க முயற்சி செய்ய வேண்டும். பத்து தடவை, பிறகு ஓய்வு, காலையும் மாலையும். அவ்வளவுதான். வலது கட்டை விரலில் ஒரு துடிப்புத் தெரிந்த நாள், எனக்குள் இருந்த மெஷின் எழுந்து உட்கார்ந்துவிட்டது. பத்து தடவைக்கு இவ்வளவு என்றால் நூறு தடவைக்கு எவ்வளவு? அன்று ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். அவர் எண்ண, நான் மடக்க, "ஆவட்டும், ஆவட்டும், இன்னொரு ட்ரிப்பு" என்று அவர் உற்சாகப்படுத்த, பொழுது சாயும்வரை விடவில்லை. சாயங்காலம் கட்டை விரல் ஆள்காட்டி விரலைத் தொட்டுவிட்டது. இரண்டு பேரும் அழுதோம்.

காலையில் எழுந்தால் மணிக்கட்டையே தூக்க முடியவில்லை. விரல்கள் எல்லாம் முதல் நாள் மாதிரி செத்துக் கிடந்தன. டாக்டர்கள் ஓடிவந்தார்கள். நோய் திரும்பிவிட்டதோ என்று மறுபடி ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார்கள், சுத்தியலால் தட்டினார்கள். மூச்சு சரியாக இருந்தது. மேடம் வந்து, "நேத்து என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.  கலா சொல்லிவிட்டாள்.

மேடம் திட்டவில்லை. "புது நரம்புக்கு வேல குடுத்தா வளரும். தாங்காத வேல குடுத்தா படுத்துடும். இப்ப எத்தனை நாள் பின்னால போயிருக்குன்னு எனக்கே தெரியாது" என்றார். அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. எங்கள் யூனிட்டில் பச்சைப் பொம்மைகளைக் காயவைக்கிற அறையில் ஜன்னலைக்கூடத் திறக்க விடமாட்டோம், காற்றுப்பட்டு ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்தால் விரிசல் விடும். புதுப் பெண் யாராவது வெயிலில் தட்டை வைத்தால் நானே கத்தியிருக்கிறேன். மண்ணுக்குக் கொடுத்த மரியாதையை என் கைக்குக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

கைகள் மறுபடி துடிக்க ஒரு வாரத்துக்குமேல் ஆயிற்று.  குளவி முதல் குழாயை மூடிவிட்டு அதன் பக்கத்திலேயே அடுத்ததைத் தொடங்கியிருந்தது. பார்த்துக்கொண்டே கிடந்தவளுக்கு ஒரு யோசனை வந்தது. பத்து தடவை, ஓய்வு என்றால் என்னால் முடியாது, ஓய்வு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் குளவியோடு சேர்ந்து செய்யலாமே? அது இடது பக்கம் உட்கார்ந்து ரீங்காரம் போடும்போது இடது கை விரலை ஒரு தடவை மடக்குவேன். அது மண்ணுக்குப் போனதும் விட்டுவிடுவேன். வலது பக்கம் வந்தால் வலது விரல். அது வர நேரமானால் நானும் காத்திருப்பேன். எங்கே போயிருக்கும், குழாயடியிலா, சாக்கடை ஓரத்திலா, இன்றைக்கு ஏன் மண் கறுப்பாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பதில் ஓய்வு கழிந்துவிடும்.

மேடத்திடம் சொன்னேன். அவர் ஜன்னலருகே போய்க் கூட்டைப் பார்த்தார். "நான் சொன்னா கேக்க மாட்டீங்க, பூச்சி சொன்னா கேப்பீங்களா?" என்றார். ஆனாலும் ஒரு வாரம் கழித்து என் விரல்களை அழுத்திப் பார்த்துவிட்டு, இதையே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்.

குளவி மூன்றாவது குழாயையும் மூடி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டுப் போனது. அப்புறம் வரவில்லை. அதற்கு நான் ஏங்கினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கலா பக்கத்தில் உட்கார்ந்து வாயாலேயே ரீங்காரம் போட ஆரம்பித்தாள். ஒரு நாள் என் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்று, தங்கை உம்மென்று முனக, பெண்டாட்டி விரலை மடக்கிக்கொண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு, "நான் வேணா ஒரு டீ குடிச்சிட்டு வரேன்" என்று திரும்பிப் போனார். ஐப்பசி பிறப்பதற்குள் கட்டை விரல் மறுபடி ஆள்காட்டி விரலைத் தொட்டது. இந்தத் தடவை மறுநாளும் தொட்டது.

கூட்டிலிருந்து குஞ்சுகள் வெளியே வந்ததைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பண்ருட்டி அம்மாவிடம் பார்த்துச் சொல்லச் சொன்னேன், தெரு முனை எஸ்.டி.டி. பூத் நம்பரையும் கொடுத்தேன். அவர் பேசவே இல்லை. இன்றுவரை அது எனக்கு ஒரு குறைதான். கலாவுக்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு பையன் பிறந்தான். குளவி கொடுத்த பிள்ளை என்று அவள் சொல்வாள். நான் மறுப்பதில்லை.

தை மாதம் கம்பு ஊன்றி நடந்தேன். மாசியில் யூனிட்டுக்குப் போனேன். ஃபினிஷிங் மேஜையில் உட்காரவில்லை, பொம்மை காயவைக்கிற அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தட்டுகளைத் திருப்பிவைக்க வேண்டும், ஈரம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும், தினக்கூலிதான். முன்பு வாங்கியதைவிடக் குறைவு. அந்த அறையில் ஒன்றுமே நடக்காது என்று நினைத்திருந்தேன். பார்க்கத் தெரிந்தால் எவ்வளவோ நடக்கிறது. வாத்தின் அலகு முதலில் வெளுக்கும், வயிறு கடைசியில் வெளுக்கும். மழைக்கு முந்தின நாள் எதுவுமே வெளுக்காது. வேலை முடிந்து பஸ் ஏறாமல் மணிமுத்தாற்றுப் பாலம் வழியாக நடந்தே வருவேன். வேலியில் பீர்க்கங்கொடி அடுத்த குச்சியைப் பிடிக்க எத்தனை நாள் காற்றில் தடவுகிறது என்று நின்று பார்ப்பேன். "ஒன்ன ஓவர்டேக் பண்ணி நத்தையே போயிடும்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

கம்மாபுரத்து அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். எட்டு விரல் வந்தது. இடது கை சுண்டு விரலும் மோதிர விரலும் முழுதாக வரவில்லை. வந்த விரல்களும் பழைய வேகத்துக்கு வரவில்லை. கை வந்ததா என்றால் வந்தது. மெஷின் வரவில்லை. அந்த இரண்டாவது விஷயத்துக்காக நான் ரகசியமாக ரொம்ப நாள் அழுதிருக்கிறேன், அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறக்கும்வரை.

நாங்கள் ஊர் திரும்பியதிலிருந்து மீனாவுக்குக் கலாதான் தலை பின்னிவிட்டாள். பள்ளிக்கூடம் திறந்த வாரம் கலாவுக்குக் காய்ச்சல். மீனா சீப்பையும் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். வகிடு எடுக்கவே எனக்கு நேரமாயிற்று. முடியை மூன்று காலாகப் பிரித்துப் பிடித்தால் இடது கையிலிருந்து ஒன்று நழுவும். விட்டுவிட்டு மறுபடி பிடிப்பேன். தெருவில் பிள்ளைகள் எல்லாம் போய் முடிந்து சத்தம் அடங்கிவிட்டது. எனக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது.

"மீனா, பாட்டிய கூப்புடு. நேரமாவுது."

"வேணாம்மா. நீயே போடு."

"லேட்டாயிடும்டி."

"ஆவட்டும். இப்பதான் வலிக்கல."

கை நின்றுவிட்டது. "எப்ப வலிச்சிது?"

"முன்னாடி நீ போடும்போதெல்லாம். தெனமும்."

"அத அப்பவே எங்கிட்ட சொல்றதுதானே?"

அவள் திரும்பாமல், ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "நீ நின்னாதானே சொல்றது."

நான் பின்னலின் நுனிக்கு வந்திருந்தேன். அதை மெல்ல அவிழ்த்துவிட்டு, மேலேயிருந்து மறுபடி பின்னத் தொடங்கினேன்.